அம்மா குழம்பைக் கெடுத்த கோடை

தாராவியில் நாங்கள் இருந்த வீடு ஒரே ஓர் அறை. ஒரு மூலையில் மோரி. குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அங்கேதான். எதிர் மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். நடுவில் நாங்கள். அப்படிப்பட்ட வீட்டில் ரகசியம் காப்பது நடக்கிற காரியமில்லை. அடுத்த வீட்டில் யார் தும்மினார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது அவர்களுக்குத் தெரியும். இருந்தும், எனக்கு ஒன்பது வயதான அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆளுக்கொரு ரகசியத்தை அந்த அறைக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றினார்கள். அதில் பாதி என் மூலமாகவே நடந்தது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. திருநெல்வேலிப் பக்கம் ஆற்றங்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. கல்யாண வீட்டில் அத்தை பந்தியில் உட்கார்ந்துவிட்டாள் என்றால் சமையல்காரர் கதவோரம் வந்து நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். அந்த வாயில்தான் கட்டி வந்தது. வெற்றிலையோடு புகையிலையை வருடக்கணக்காக ஒதுக்கி வைத்திருந்த கன்னத்தின் உள்பக்கம். ஊர் டாக்டர் பார்த்துவிட்டுப் பம்பாய்க்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். மாமா அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, மாட்டையும் வயலையும் பார்க்க ஆளில்லை என்று ரயிலேறிவிட்டார். போகும்போது அவர் வாசலில் நின்று அழுதது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அத்தையிடம் அவ்வளவு ஏச்சு வாங்கிய மனிதர் இப்போதாவது நிம்மதியாக இருக்கலாமே என்று நான் நினைத்தேன்.

பரேலில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் தினமும் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சு என்ற சொல் அப்போது எங்களுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அது கரண்ட் வைப்பதுதான். நோயின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. புற்றுநோய் என்ற சொல் எங்கள் வாசலுக்குள் வரக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. "கன்னத்துல ஒரு கட்டி, கரைச்சிருவாங்க" என்றுதான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும்.

அப்பா குர்லாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மேலே இருப்பவர்கள் எதைச் சொன்னாலும் அதை நூல் பிசகாமல் செய்துமுடிக்கிறவர். டாக்டர் அவரிடம், நோயாளியின் மனசு நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறார். அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டமாக்கிவிட்டார். அத்தை எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசக்கூடாது. முகம் சுளிக்கக்கூடாது. சத்தம் கூடாது.

"இத எதுக்கு என்னப் பாத்துச் சொல்லுதிய?" என்று அம்மா கேட்டாள்.

"வேற யாரப் பாத்துச் சொல்ல?" என்றார் அப்பா.

அதில் நியாயம் இருந்தது. அத்தைக்கும் அம்மாவுக்கும் இருந்த பகை என்னைவிட வயதில் மூத்தது. அம்மா நாங்குநேரிப் பக்கத்து வறண்ட ஊர்க்காரி. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அத்தை அம்மா வீட்டுக் குழம்பைக் குறை சொன்னாளாம். "புளியையும் தண்ணியையும் கலந்து வச்சிட்டு இந்த ஊர்ல குழம்புங்காங்க" என்று அவள் சொன்னதும், உள்ளே இருந்த கல்யாணப் பெண், "ஆத்துத் தண்ணியில வச்சா மட்டும் போதுமா, திங்க நாக்கு வேணும்லா" என்று பதில் சொன்னாளாம். இதைக் கேட்டும் அப்பா எப்படிச் சம்மதித்தார் என்பது எங்கள் குடும்பத்தில் இன்றுவரை பேச்சு. அன்று தொடங்கியது, கடிதத்தில்கூட நிற்கவில்லை. அப்பா எழுதும் கடிதத்தின் ஓரத்தில் அம்மா ஒரு வரி குத்திவிட்டிருப்பாள். அதற்குப் பதில் அடுத்த கடிதத்தில் மாமா கையெழுத்தில் வரும்.

அப்படிப்பட்ட அம்மா, அத்தை வந்த நாளிலிருந்து வாழைப்பழம்போல ஆகிவிட்டாள். "சரி மைனி", "ஆகட்டும் மைனி", "நீங்க சொன்னாச் சரிதான் மைனி". அத்தைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிக் கஞ்சி. வாய் புண்ணாகும், காரமும் புளியும் உப்பும் ஆகாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் எங்களுக்கு ஒரு சமையல், அத்தைக்கு ஒரு சமையல். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கு நாலு மோசம்பிப் பழத்தோடு வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் சந்தில் குழாயடிச் சண்டை பேர்போனது. அந்த நாட்களில் அதைக்கூட எங்கள் வாசலைத் தாண்டிப் போய் வைத்துக்கொண்டார்கள்.

இத்தனை அன்பிலும் அத்தை நாளுக்கு நாள் வாடினாள். முதலில் பேச்சுக் குறைந்தது. பிறகு கஞ்சி மிஞ்சத் தொடங்கியது. பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் போய், "அத்த, ஊர்க் கதை சொல்லுங்க" என்றால், "ஏட்டி, போய் வெளையாடு" என்பாள். ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் நானும்தான் கூட்டிக்கொண்டு போவோம். அம்மாவின் ஹிந்தி காய்கறிக்காரனோடு முடிந்துவிடும். டோக்கன் வாங்க, எந்த வரிசை என்று கேட்க என் ஹிந்தி வேண்டும். சயானில் லோக்கல் ரயில் ஏறி பரேலில் இறங்கும்வரை அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

கரண்ட் பாதிகூட முடியாத ஒரு நாள், அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அத்தை சொன்னாள்.

"ஏல தம்பி, என்ன ஊர்ல கொண்டு விட்ரு."

"முடிச்சிட்டுப் போலாம்க்கா. நடுவுல விட்டா வச்சதெல்லாம் வீணாயிரும்னு டாக்டர் சொல்லுதாரு."

"போதும்ல. எனக்கு எல்லாம் தெரியும்."

என்ன தெரியும் என்று அப்பா கேட்கவில்லை. மறுநாள் அத்தை ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டாள். அதற்கு அடுத்த நாளும். அப்பா கெஞ்சிப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்து சொல்லவைத்தார். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டைப் பாதியில் விட்டுவிட்டால் அவ்வளவுதான் என்பது அப்பாவின் முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்கும் பயம் வந்தது.

அதற்கடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை எழுந்து உட்கார்ந்து, தன் கஞ்சித் தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கும் குழம்பு ஊத்து" என்றாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையை ஆட்டினார். அம்மா குழம்பில் பாதிக்குப் பாதி சுடுதண்ணீர் கலந்து சோற்றில் ஊற்றினாள். அத்தை ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"இது என்னளா குழம்பு? கழனித்தண்ணி தேவல."

நாங்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மாவின் உதடு ஒருமுறை துடித்தது. பிறகு, "தப்புத்தான் மைனி, நாளைக்கு நல்லா வைக்கேன்" என்றாள்.

அத்தை தட்டைக் கீழே வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அத்தை அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"நான் ஒரு வார்த்த சொன்னா ஒம்பது வார்த்த சொல்லுதவ நீ. நீயே தப்புத்தான்னு சொல்லிட்டேன்னா, அப்போ நான் சாகத்தான் போறேன், அப்படித்தானே? எல்லாரும் எனக்கு இப்பமே வாய்க்கரிசி போட்டுட்டிய."

  பக்கத்து வீட்டு அம்மாள் மோசம்பிப் பழங்களோடு வாசலில் வந்து நின்றாள். அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியை நங்கென்று சட்டியில் போட்டாள்.

"குழம்புல என்ன குத்தத்தக் கண்டிய? குத்தம் சொல்லாம உங்களுக்கு ஒரு வாய் சோறு எறங்காது, அதான் குத்தம். பொண்ணு பாக்க வந்த அன்னைக்குப் பாத்த மூஞ்சிதான இது? நோவுன்னு வந்தா மட்டும் புத்தி மாறிருமா?"

அப்பா "ஏ!" என்று எழுந்தார். பக்கத்து வீட்டு அம்மாளின் கையிலிருந்து ஒரு மோசம்பி உருண்டு மோரியில் விழுந்தது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முதுகை நிமிர்த்திச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்ன சொன்ன? எம்புத்திக்கு என்னளா? புளியக் கரைக்கத் தெரியாத ஊர்ல பொண்ணெடுத்த எந்தம்பிக்குத்தான் புத்தி இல்ல."

பிறகு நடந்ததை முழுவதும் எழுத இடம் போதாது. அம்மாவின் கல்யாணத்தில் சாம்பார் பத்தாமல் போனது, அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அம்மாவுக்கு வெற்றிலை வைக்க மறந்தது, எனக்குப் பேர் வைத்தது, எல்லாம் வந்தது. சந்தில் ஆள் கூடிவிட்டார்கள். அப்பா நடுவில் நின்று ஒவ்வொருவராக அதட்டிப் பார்த்தார். இருவருமே அவரைக் கண்டுகொள்ளவில்லை. சண்டையின் நடுவே அத்தை தட்டில் இருந்த சோற்றை, ஏசிக்கொண்டே, முழுதாகத் தின்றுவிட்டாள். கடைசியில், "எந்திரிச்சு நடமாடி, உனக்கு ஒரு குழம்பு வச்சுக் காட்டாம நான் ஊருக்குப் போறதில்ல. தெரிஞ்சுக்கோ" என்றாள்.

"வச்சுக் காட்டுங்க. அதையும் பாத்துருவோம்" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் நான் கண் விழித்தபோது அத்தை தலை வாரி, சேலை மாற்றி, வாசலில் உட்கார்ந்திருந்தாள். "எங்கட்டி உங்கம்மா? இவ கெளம்புறதுக்குள்ள ரயிலு போயிரும்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் சண்டைதான். அப்பா முதல் சில நாள் அம்மாவோடு பேசவே இல்லை. நானும் அம்மாவை நினைத்து வெட்கப்பட்டேன். உடம்பு சரியில்லாத அத்தையோடு மல்லுக்கட்டுகிறாளே என்று பக்கத்து வீடுகளில் பேசிக்கொண்டதை நானே கேட்டேன். போதாததற்கு அம்மாவுக்குச் சமையலும் மறந்துபோனது. தனிக் கஞ்சி, தனித் தட்டு எல்லாம் ஒழிந்து எல்லோருக்கும் ஒரே சட்டிக் குழம்பு. அதில் உப்பு இருக்காது, உறைப்பு இருக்காது, புளியை வெறுமனே காட்டிவிட்டு எடுத்த மாதிரி இருக்கும். சோறு குழைந்து களியாகிவிடும். அப்பா ஒரு வாய் தின்றுவிட்டு, மேலே பரணில் இருந்த ஊறுகாய் ஜாடியைப் பார்ப்பார். அம்மா அப்பாவைப் பார்ப்பாள். அவர் குனிந்து சாப்பிடுவார். பல வருடங்கள் கழித்துத்தான் அவர் சொன்னார், ஒர்க்‌ஷாப் டப்பாவில் ஒளித்து ஒரு துண்டு ஊறுகாய் தினமும் கொண்டுபோனதாக. நோயாளிச் சாப்பாடு என்று ஒன்றைத் தனியே வைத்தால் அத்தை அதைத் தொடமாட்டாள். கெட்டுப்போன குழம்பு என்றால் ஏசிக்கொண்டாவது தின்பாள். இதை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுதான்.

அத்தைக்கு என்னிடம் ஒரு வேலை இருந்தது. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், அம்மா குழாயடிக்குப் போன சமயம், என்னைக் கூப்பிடுவாள்.

"ஏட்டி, போய் ஒரு சொட்டு தொட்டு நக்கிட்டு வா. இன்னைக்கு எப்படி இருக்கு?"

நான் போய் நக்கிவிட்டு வந்து சொல்வேன். "உப்பே இல்ல அத்த. புளியும் இல்ல."

"பெருங்காயம்?"

"இருக்கு. கொஞ்சம் கூட."

"போதும். ஒண்ணுந்தெரியாதவ மாதிரி உக்காந்துக்கோ."

சாப்பிட உட்கார்ந்ததும் அத்தை ஒரு வாய் வைத்து, நாக்கைச் சப்புக்கொட்டி, நான் சொன்னதையே பத்து மடங்கு பெருக்கி அம்மாவை வாங்கு வாங்கென்று வாங்குவாள். நான் பெருமையில் பூரித்துப்போவேன். அத்தையின் உளவாளி நான். அவள்தான் தின்கிறாளே, அவளுக்கே தெரியாதா, என்னை எதற்குக் கேட்கிறாள் என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. கன்னத்தில் கரண்ட் வைத்தால் நாக்கில் ருசி செத்துப்போகும் என்பதை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். ஒரு சுற்றுவட்டாரத்தையே நடுங்கவைத்த நாக்குக்குப் புளியும் தண்ணீரும் ஒன்றாகிவிட்டது. அதை அத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சிலும் அத்தை மாறிவிட்டாள். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அம்மா வைத்த குழம்பின் லட்சணத்தை வரிசையில் இருந்தவர்களுக்குச் சொல்லச் சொல்வாள். நான் ஹிந்தியில் சொல்வேன். கழுத்தில் கட்டுப் போட்ட ஒரு மராத்திக்கார அம்மாள் தினமும் அழுதுகொண்டிருப்பாள். அவள் ஒரு நாள் கண்ணைத் துடைத்துவிட்டு, தன் மருமகள் வைக்கும் பருப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அடுத்தவர் தன் மனைவியின் ரொட்டி பற்றி. அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து, அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குனிந்து பார்த்தால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மட்டும் தப்பு நடந்துவிட்டது. நான் பம்பரம் விளையாடப் போய் நேரத்துக்கு வரவில்லை. நான் உள்ளே வரும்போது எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், துணிந்து ஒரு வாய் வைத்தாள்.

"என்னளா, உப்ப அள்ளிக் கொட்டியிருக்க? வாய் கரிக்கி."

நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். குழம்பில் உப்பே இல்லை. "அத்த, இதுல..." என்று தொடங்கினேன்.

"ஏட்டி, போய் செம்புல தண்ணி கொண்டா" என்றாள் அம்மா. அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. கரண்டி அவள் கையில் அந்தரத்தில் நின்றது. பிறகு, "ஆமா, கூடத்தான் போட்டேன். ரோசம் வரட்டும்னு போட்டேன்" என்றாள். அத்தை திருப்தியாகத் திட்டத் தொடங்கினாள். சாப்பிட்டு முடிந்து அம்மா மோரியில் உட்கார்ந்து பாத்திரம் கழுவினாள். ஏற்கெனவே கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தை எங்கள் பக்கம் திருப்பவே இல்லை.

முதல் மழை விழுந்து சந்தில் தண்ணீர் தேங்கிய நாட்களில் கரண்ட் முடிந்தது. கட்டி கரைந்துவிட்டது என்றார்கள். குழம்பு வைக்கும் தெம்பு இன்னும் வரவில்லை என்று அத்தை சண்டையைப் பாக்கி வைத்துவிட்டு ரயிலேறினாள். ஜன்னலுக்கு உள்ளிருந்து, "வருவேன், பாத்துக்கோ" என்று அம்மாவிடம் விரலை ஆட்டினாள். "வராம இருந்துருவியளோன்னுதான் பயம்" என்றாள் அம்மா.

அடுத்த கோடையில் டாக்டரிடம் காட்ட வந்தபோது அத்தையின் ஒரு கன்னம் உள்ளே ஒட்டியிருந்தது. மற்றபடி பழைய அத்தைதான். வந்த மறுநாளே ஸ்டவ் முன்னால் உட்கார்ந்து, "எந்திரி, இன்னைக்கு என் குழம்பு" என்று அம்மாவை விரட்டினாள். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அத்தை வறுத்து, அரைத்து, கரைத்து, கொதிக்கவிட்டு, என்னைக் கூப்பிட்டாள். என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள்.

"உப்பு பாரு."

"இன்னும் கொஞ்சம், அத்த."

போட்டாள். மறுபடி ஒரு சொட்டு. "இப்பம்?"

"சரியா இருக்கு."

"புளி? உறைப்பு?"

இப்படியே என் உள்ளங்கை சிவக்கும்வரை. நடுவில் வாசல் பக்கம் பார்த்தேன். அம்மா நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. யாரிடமோ பேசப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன். அத்தை சட்டியை இறக்கி மூடிய பிறகுதான் வந்தாள்.

மதியம் எல்லோரும் உட்கார்ந்தோம். அப்பா முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டார். அப்படி ஒரு குழம்பு அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் வைத்ததில்லை. அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மெதுவாக ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய் தின்றாள்.

"ஒரு கல்லு உப்பு பத்தல மைனி" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "பொய்! எல்லாம் சரியா இருக்கு. நான்தானே ருசி பாத்தேன்" என்று கத்திவிட்டேன்.

அப்பாவின் கை நின்றது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. ஒட்டிய கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அத்தை சிரித்தாள். அம்மா எச்சில் கையோடு அவள் தோளில் சாய்ந்து சிரித்தாள். பிறகு பார்த்தால் இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள். "தெரியுமாளா உனக்கு? எப்பத்துலேருந்து?" என்று அத்தை கேட்டாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.

என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. பொய் சொன்னது அம்மா. அவளை அத்தை ஏசவில்லை. உண்மையைச் சொன்னது நான். என்னை யாரும் மெச்சவில்லை. எனக்கு என் நாக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மெல்ல நகர்ந்துபோய், சட்டியில் விரலை விட்டு, இன்னொரு தரம் நக்கிப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.